குரலுக்கும் ஒரு மருந்துச் சீட்டு வேண்டும்

அம்பது, எம்பது. எழுதிப் பார்த்தால் இரண்டுக்கும் குழப்பமே வராது. காதில் விழும்போது முதல் எழுத்து ஒன்றுதான் பிரித்துக் காட்டும். மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் ஏலம் விடுகிறவர்களுக்கு இது தொழிலோடு வந்த பாடம். 'எம்பது' என்று சொல்ல வேண்டிய இடத்தில் அந்த முதல் எழுத்தை ஓங்கி எடுத்து, ஒரு இழுப்பு இழுத்துத்தான் கீழே விடுவார்கள். சுற்றிலும் வியாபாரிகள் நிற்பார்கள், லாரியிலிருந்து மூட்டை இறங்கும், பக்கத்தில் பூண்டு ஏலம் நடக்கும். அத்தனை சத்தத்துக்கும் மேலே அந்த ஒரு எழுத்து கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் 45 கிலோ மூட்டைக்கு முப்பது ரூபாய் போச்சு.

என் வீட்டுக்காரர் முப்பது வருடத்துக்கு மேல் அப்படி ஏலம் விட்டவர். ஒரு நாள் அவர் எம்பது என்றார். எடுத்தவருக்கு அம்பது என்று கேட்டிருக்கிறது. பில் போடும்போது வாய்த்தகராறு. கொஞ்ச நாளில் வேறொரு வியாபாரியோடு மறுபடியும் அதே தகராறு. "ஏனுங்ணா, பல்லு கில்லு ஆடுதுங்களா?" என்று மூட்டை தூக்குகிறவர் ஒருவர் கேட்டாராம். பல் கெட்டியாகத்தான் இருந்தது. கையும் நடுங்கவில்லை. வலது கை நடுங்க ஆரம்பித்தது அதற்கு வெகுநாள் கழித்து. இது பார்க்கின்சன் என்று நரம்பியல் மருத்துவர் சொன்னது அதற்கும் பின்னால்.

நோய் தெரிந்தவுடன் மாத்திரை எழுதினார்கள். நடைப் பயிற்சியும் கைப் பயிற்சியும் சொன்னார்கள். தூக்கம், மலச்சிக்கல், ரத்த அழுத்தம் எல்லாம் விசாரித்தார்கள். பேச்சைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்களாக எடுத்துச் சொன்னபோது, "வயசாச்சுல்ல, கொஞ்சம் சத்தமாப் பேசச் சொல்லுங்க" என்று பதில் வந்தது. அந்தப் பதில் இனி எந்தக் குடும்பத்துக்கும் கிடைக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். பார்க்கின்சன் என்று உறுதியான அன்றைக்கு எழுதும் மருந்துச் சீட்டிலேயே பேச்சுப் பயிற்சியும் எழுதப்பட வேண்டும்.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. அரசுப் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள். பிள்ளைகளை எழுப்பி வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரல் ஏற வேண்டும் என்று திருத்துவது என் அன்றாட வேலை. அதனால் இவர் பேச்சில் என்ன தொலைகிறது என்பது சீக்கிரமே காதில் பட்டது. சொற்கள் எல்லாம் இருந்தன. ஞாபகம் பத்திரமாக இருந்தது; எந்த வியாபாரி எந்த வருடம் எவ்வளவு பாக்கி வைத்தார் என்று இன்றைக்கும் சொல்வார். ஆனால் சொல்லின் மேல் விழும் அழுத்தம் போயிருந்தது. எல்லா எழுத்தும் ஒரே உயரத்தில், ஒரே கனத்தில் வந்தன. நடுவில் சில சொற்கள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு ஓடும். பிறகு நிற்கக் கூடாத இடத்தில் பேச்சு நின்றுவிடும்.

ஏன் இப்படி ஆகிறது என்று தேடிப் படித்தேன். பிறகு பேச்சுப் பயிற்சியாளரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நடுமூளையில் கறுப்பாகத் தெரியும் சின்னப் பகுதி ஒன்று இருக்கிறது. அங்கே டோபமின் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதுதான் இந்த நோய். டோபமின் குறைந்தால், யோசிக்காமல் தானாக நடக்கும் அசைவுகளின் அளவு சுருங்குகிறது. அடி எடுத்து வைத்தால் சின்ன அடி. எழுதினால் பொடி எழுத்து. கண் இமைப்பது குறைகிறது, முகத்தில் சிரிப்பு விரிவதில்லை. பேச்சும் அசைவுதானே? மூச்சை இழுத்து அளந்து விடுவது, குரல்நாண்களை ஒட்டவைத்து அதிர வைப்பது, நாக்கையும் உதட்டையும் அந்தந்த இடத்துக்குக் கொண்டுபோவது எல்லாமே தசையின் வேலை. குரல்நாண்கள் முழுசாக ஒட்டாதபோது காற்று கசிந்து குரல் கம்முகிறது. குரலை மேலே ஏற்றும் தசை விறைத்துக்கொள்ளும்போது ஏற்ற இறக்கம் போய்விடுகிறது. 'க', 'ட', 'ப' என்று அடைத்து வெடிக்க வேண்டிய எழுத்துகள் அடைபடாமலே வழுக்கிப் போகின்றன. 'எட்டு' என்றால் 'எடு' என்று கேட்கும். 'பத்து' என்றால் 'பது' என்று கேட்கும். குறிலையும் நெடிலையும், ஒற்றையும் இரட்டையும் வைத்தே பொருள் பிரிகிற மொழியில் இது எவ்வளவு பெரிய இழப்பு என்று தமிழ் வாத்தியார்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இது புதுச் செய்தியும் இல்லை. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேரைப் பற்றி 1817-ல் எழுதிய சிறு நூலிலேயே பேச்சு குலைவது பதிவாகியிருக்கிறது. 1978-ல் அமெரிக்காவில் ஜெரி லோகமன் குழுவினர் 200 நோயாளிகளைச் சோதித்தபோது 89 சதவீதம் பேருக்குக் குரலிலோ உச்சரிப்பிலோ கோளாறு இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் உலகம் முழுக்க 85 லட்சம் பேருக்கு மேல் பார்க்கின்சன் இருந்தது. பத்துப் பேரில் கிட்டத்தட்ட ஒன்பது பேருக்கு வருகிற ஒரு பாதிப்பை, கேட்டால் மட்டும் சொல்கிற உபசங்கதியாக வைத்திருப்பது எப்படிச் சரியாகும்?

நடுக்கத்துக்கு முன்பே பேச்சு காட்டிக்கொடுக்கக்கூடும் என்பதற்கு உலகமறிந்த சாட்சி முகமது அலி. 1980-ல் சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் குத்துச்சண்டை போட்டார், எம்.ஜி.ஆரோடு அவர் நிற்கும் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். எதிராளியைக் கையால் அடிக்கும் முன் வாயால் அடித்தவர் என்று பேர் வாங்கியவர். பார்க்கின்சன் அறிகுறிகள் என்று மருத்துவர்கள் சொன்னது 1984-ல், அவருடைய 42-வது வயதில். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அவருடைய பழைய பேட்டிகளை எடுத்துவைத்து, நொடிக்கு எத்தனை அசை பேசுகிறார் என்று அளந்து 2017-ல் வெளியிட்டார்கள். 26 வயதுக்கும் 39 வயதுக்கும் நடுவில் பேச்சு வேகம் 26 சதவீதம் குறைந்திருந்தது. தலையில் வாங்கிய அடிகளுக்கும் அதில் பங்கு இருக்கலாம். ஆனாலும் நோய்க்கு மருத்துவர் பேர் வைக்கும் முன்பே, உலகம் முழுக்க ஒலிபரப்பான ஒரு குரலில் மாற்றம் இருந்தது. அதை யாரும் நோயாகக் கேட்கவில்லை. எங்கள் மண்டியிலும் அப்படித்தான். அம்பதா எம்பதா என்று சண்டை போட்டவர்கள் யாருக்கும் அது ஒரு நோயின் முதல் அறிகுறி என்று தோன்ற வழியில்லை.

இனி நான் சொல்வது வீட்டில் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது. இந்த நோய் வந்தவருக்கு ஒரு வாக்கியம் முடிவதற்குள் மூச்சு தீர்ந்துவிடும். தொடக்கம் கேட்கும், கடைசி கரைந்துவிடும். தமிழிலோ சங்கதி எல்லாம் கடைசியில்தான் இருக்கிறது. செய்தாரா, செய்யவில்லையா, யார் செய்தார்கள், கேள்வியா பதிலா, மரியாதையா அதட்டலா, எல்லாமே வினைச்சொல்லின் வாலில் தொங்குகிறது. "மாத்திரை போட்டுட்டேன்" என்றாலும் "மாத்திரை போடுல" என்றாலும் அடுப்படியில் நிற்கிற எனக்கு "மாத்திரை போ" வரைக்கும்தான் கேட்கும். ஒரு வேளைக்கு இரண்டு முறை அவருடைய லெவோடோபா மாத்திரை உள்ளே போனால் தலை சுற்றும், கை கால் தன்னால் நெளியும். ஒரு வேளை விட்டுப்போனால் நாற்காலியை விட்டு எழ முடியாது. நாள் வாரியாக, வேளை வாரியாக அறை போட்ட மாத்திரை டப்பா எங்கள் வீட்டுக்கு வந்தது இதனால்தான். பேச்சுக் கோளாறு என்பது பழகிக்கொண்டு போகிற சின்ன அசௌகரியம் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கொங்குத் தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. எங்கள் பக்கத்து மரியாதை முழுக்கக் கடைசி 'ங்க'வில் இருக்கிறது. வாங், சொல்லுங், ஆமாங், இல்லீங் என்று மூக்கில் இழுத்து விடும் அந்த முடிவு கரைந்துவிட்டால் 'வாங்' என்பது 'வா' ஆகிவிடும். சம்பந்தி வீட்டார் வந்தபோது இவர் வாசலுக்கே போய் வரவேற்றார். "வாங், உள்ள வாங்" என்றுதான் சொன்னார். ஒட்டி நின்ற எனக்குக் கேட்டது. படிக்குக் கீழே நின்றவர்களுக்கு "வா, உள்ள வா" என்று விழுந்திருக்கிறது. முகமும் சிரிக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது சம்பந்தியம்மா என்னைப் பொடக்காளிப் பக்கம் கூட்டிப்போய், "ஏனுங், அவிங்களுக்கு எங்க மேல ஏதாச்சும் மனத்தாங்கலுங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டுவிட்டதால் விளக்க முடிந்தது. கேட்காமல் மனதில் வைத்துக்கொண்டு போனவர்கள் எத்தனை பேரோ.

'சரி' என்ற ஒரு சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்புக்கொள்ளவும் அதைத்தான் சொல்கிறோம், அலுத்துக்கொள்ளவும் அதைத்தான். கோபத்தில் பேச்சை முடிக்கவும், ஆச்சரியத்தில் "சரீ...?" என்று கேட்கவும் அதுவேதான். எந்தச் 'சரி' என்பதை ராகம் சொல்லும். ராகம் போனால் எதிரில் இருப்பவர் தனக்குத் தோன்றியதை எடுத்துக்கொள்வார், பெரும்பாலும் கெட்டதாகவே எடுத்துக்கொள்வார். இதை ஆய்வாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். கனடாவில் மார்க் பெல்லும் அவருடைய சகாக்களும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், பார்க்கின்சன் வந்தவர்களின் பேச்சை நோயில்லாதவர்களைக் கேட்க வைத்தார்கள். எந்தச் சொல்லில் அழுத்தம், என்ன உணர்ச்சி என்று கண்டுபிடிப்பதில் கேட்டவர்கள் தடுமாறினார்கள். பேசியவர் சோகமாக இருக்கிறார், அல்லது உணர்ச்சியே இல்லாமல் இருக்கிறார் என்றுதான் பல இடங்களில் நினைத்தார்கள்.

எங்கள் பக்கம் அந்தத் தலைமுறை ஆம்பளைகள் பாசத்தைச் சொல்லால் சொல்லிப் பழகியவர்கள் இல்லை. எல்லாம் குரலின் குழைவில்தான். பெங்களூரிலிருந்து மகள் கூப்பிட்டால் "ஏஞ்சாமி, சாப்புட்டியா" என்பார். அந்தச் 'சாமி' எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவு பாசம் என்று அவளுக்குத் தெரியும். பதவி உயர்வு கிடைத்த செய்தியை அவள் சொன்னபோது இவர் "நல்லது சாமி" என்றார். ஒரே மட்டத்தில், கணக்குச் சொல்கிற மாதிரி. உடனே அவள் என் போனுக்கு வந்து, "அப்பாவுக்குப் பிடிக்கலையாம்மா?" என்றாள். அவரோ அன்று ராத்திரி சந்தோஷத்தில் தூங்கவில்லை. மறுநாள் விடிந்ததும் டீக்கடைக்குப் போய் பார்த்தவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். அவர்களுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது.

இதற்கு அடுத்த கட்டம்தான் கொடுமை. எங்களிடம் பேசுகிறவர்கள் அவரை விட்டுவிட்டு என்னிடம் பேச ஆரம்பித்தார்கள். சொந்தக்காரர்கள், பேங்க்கில் இருப்பவர்கள், மருத்துவம் பார்ப்பவர்கள் வரை, "இவருக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று என் முகத்தைப் பார்த்தே கேட்பார்கள். அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பதில் சொல்ல அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். அந்த நேரத்தை யாரும் கொடுப்பதில்லை. வாக்கியத்தைப் பாதியில் பிடுங்கித் தாங்களே முடித்துவிடுகிறார்கள். தெருவில் இவருக்கு மறதி நோய் என்றே பேச்சு கிளம்பிவிட்டது. மெல்ல மெல்ல அவர் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார், கல்யாண வீடுகளில் பந்தி முடிந்ததும் கிளம்பிவிடுவார். பேசாத குரல் இன்னும் மெலிகிறது. மெலிந்த குரலோடு விழுங்குவதும் பலவீனமாகிறது. இரண்டுக்கும் தொண்டைத் தசைகள்தானே பொறுப்பு? உணவும் தண்ணீரும் மூச்சுக்குழாயில் இறங்கி வரும் நிமோனியா இந்த நோயாளிகளின் உயிரைப் பறிக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று. தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி புரையேறினால் அதையும் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

"சத்தமாப் பேசுங்க" என்ற அறிவுரை ஏன் பலிப்பதில்லை என்பதை வீடியோ காலில் பேச்சுப் பயிற்சி தொடங்கிய பிறகுதான் புரிந்துகொண்டோம். தான் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று அளக்கும் உள் அளவுகோலே இவர்களுக்குத் தப்பாக அளக்கிறது. இவர் முணுமுணுக்கும்போது தனக்குச் சரியாகப் பேசுவதாகத் தோன்றுகிறது. பயிற்சியாளர் சொல்லி ஓங்கிப் பேச வைத்தபோது, "கத்தற மாதர இருக்குதுங், பக்கத்து வூட்ல என்ன நெனைப்பாங்க" என்று கூச்சப்பட்டார். அந்தப் பெண் அதை செல்போனில் பதிவுசெய்து உடனே போட்டுக் காட்டினார். சாதாரணமாக ஒருவர் பேசுகிற அளவுதான் இருந்தது. இவர் மூன்று முறை திருப்பிப் போடச் சொல்லிக் கேட்டார்.

இந்தப் பயிற்சி முறைக்கு லீ சில்வர்மன் என்ற பெண்மணியின் பேர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் பார்க்கின்சனோடு வாழ்ந்தவர். அவர் பேசுவது தங்களுக்குக் கேட்க வேண்டும் என்பதே அந்தக் குடும்பத்தின் ஆசை. லொரைன் ரமிக் என்ற பேச்சு நிபுணர் 1980-களில் இந்த முறையை வடிவமைத்தார். வாரத்துக்கு 4 நாள், 4 வாரம், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், ஆக 16 அமர்வுகள்; அதற்கு மேல் வீட்டில் தினமும் பயிற்சி. மூச்சை நிரப்பி 'ஆ' என்று முடிந்த மட்டும் நீட்ட வேண்டும். அடியிலிருந்து உச்சிக்கும் உச்சியிலிருந்து அடிக்கும் குரலை ஏற்றி இறக்க வேண்டும். பிறகு தினசரி தேவைப்படும் பத்து வாக்கியங்களை நோயாளியே தேர்ந்தெடுத்து ஓங்கிச் சொல்ல வேண்டும். இவர் எழுதிக் கொடுத்த பட்டியலில் "காப்பி வெச்சாச்சா புள்ள", "போன எடு", "மாத்திரை போட்டுட்டேன்" என்பவற்றோடு "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்பதும் இருந்தது. அந்தக் கடைசி வரியைச் சொன்னபோது வீடியோ காலின் அந்தப் பக்கம் இருந்த பெண் நிமிர்ந்து உட்கார்ந்தார். மண்டியில் கேட்ட அதே கனம், அதே நிறுத்தம். 'மூணு' என்பதில் விழ வேண்டிய அடி சரியாக விழுந்தது. தானாக வரும் பேச்சு கெட்டுப்போனாலும், வேண்டுமென்றே எடுத்துப் போடும் பேச்சுக்கு வழி இன்னும் திறந்திருக்கிறது என்று அவர் விளக்கினார். பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் இவர் குரல் தன்னால் உயர்வதையும் நான் முன்பே கவனித்திருந்தேன். சுற்றிலும் சத்தம் இருந்தால் குரல் ஏறும் இயல்பு இந்த நோயிலும் தங்கிவிடுகிறதாம்.

இது பலிக்கிறதா என்று கேட்பவர்களுக்கு ஆதாரமும் இருக்கிறது. பிரிட்டனில் 388 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி நடத்திய சோதனையின் முடிவு 2024-ல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்தது. இந்தத் தீவிரப் பயிற்சி எடுத்தவர்களுக்குப் பேச்சுச் சிரமம் தெளிவாகக் குறைந்தது. அங்குள்ள அரசு மருத்துவத் துறையின் வழக்கமான பேச்சுப் பயிற்சி எடுத்தவர்களுக்கும் பயிற்சியே எடுக்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மாதம் ஒரு முறை பார்த்து நாலு அறிவுரை சொல்வது போதாது, விடாமல் செய்ய வேண்டும் என்பதுதான் நான் இதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம்.

மாத்திரையே பேச்சையும் பார்த்துக்கொள்ளாதா என்று பலர் கேட்கிறார்கள். லெவோடோபா கை காலுக்குக் கொடுக்கும் பலனைப் பேச்சுக்குக் கொடுப்பதில்லை. மூளையில் மின்முனை வைக்கும் அறுவை சிகிச்சையால் நடுக்கம் நன்றாகக் குறைகிறது, சிலருக்குப் பேச்சு இன்னும் குழறுகிறது. செய்துகொள்ளும் முன் இதை வாய்விட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மலையடிவாரத்தில் இருப்பதால் பூனைக்காலி விதையைப் பொடி பண்ணிச் சாப்பிடச் சொல்கிறவர்களும் எங்களுக்கு உண்டு. அந்த விதையில் லெவோடோபா இருப்பது உண்மைதான். 1937-லேயே சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரு ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். அதனாலேயே மாத்திரையோடு சேர்த்து அதையும் சாப்பிட்டால் அளவு கூடிவிடும். மருத்துவரைக் கேட்காமல் தொடவே தொடாதீர்கள்.

பயிற்சியால் எல்லாம் திரும்பி வந்துவிட்டதாக நான் சொல்லமாட்டேன். இது வளரும் நோய். ஆனால் இப்போது இவர் சொல்வது எதிரில் இருப்பவருக்குக் கேட்கிறது. குரலில் காட்ட முடியாததைச் சொல்லில் வைக்கவும் பழகிவிட்டார். போன மாதம் பேரன் கணக்கில் நல்ல மார்க் வாங்கியதாகச் சொன்னபோது, மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, "தாத்தனுக்கு ரொம்பச் சந்தோசமா இருக்குது சாமி, நிசமாலுமே" என்றார். எங்களுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் வாயில் நான் கேட்காத வாக்கியம். பயிற்சி எங்களுக்குக் கொடுத்ததில் நான் பெரிதாக நினைப்பது இதைத்தான்.

கேட்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. டிவியை நிறுத்திவிட்டு எதிரில் உட்காருங்கள். அவரையே பார்த்துக் கேளுங்கள். மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் முக்கியமான பேச்சை வைத்துக்கொள்ளுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள். தமிழ்நாட்டுக்குக் காத்திருந்து கேட்கத் தெரியாதா என்ன? 1967 ஜனவரி 12-ம் தேதி சுடப்பட்டுக் கழுத்தில் குண்டு பாய்ந்த பிறகு எம்.ஜி.ஆரின் குரல் மாறிப்போனது. அவர் அந்தக் குரலிலேயே நடித்தார், மேடைகளில் பேசினார். கூட்டம் அமைதியாக நின்று கேட்டது. பத்து வருடத்தில் அந்தக் குரலுக்கு முதலமைச்சர் நாற்காலியைக் கொடுத்தது. ஒரு தலைவருக்குக் கொடுத்த பொறுமையில் கொஞ்சத்தை வீட்டுப் பெரியவர்களுக்கும் கொடுக்க நம்மால் முடியும்.

அரசு செய்ய வேண்டியதும் எட்டாத உயரத்தில் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது, படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறைப் பயிற்சியாளர் வீடு தேடி வருகிறார். 2024-ல் ஐ.நா. விருது வாங்கிய திட்டம். அதில் பேச்சுப் பயிற்சியையும் சேர்க்க வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை. குழந்தைகளுக்கான மாவட்ட இடையீட்டு மையங்களில் பேச்சுப் பயிற்சியாளர் இருக்க வேண்டும் என்று தேசியத் திட்டமே சொல்கிறது. அது 18 வயதோடு நின்றுவிடுகிறது. அறுபது வயதில் குரலை இழப்பவர்களுக்கும் அந்தக் கதவைத் திறந்துவிடலாம். 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் பார்க்கின்சனும் உண்டு, பேச்சு மொழிக் குறைபாடும் தனியாக உண்டு. இவருக்குச் சான்று கொடுக்கச் சோதித்தபோது கையையும் நடையையும் மட்டும் பார்த்தார்கள். பேச்சையும் ஒரு தரம் கேட்டிருக்க வேண்டும்.

கோவையில் பேச்சுப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். நடை தடுமாறும் ஒருவரை வாரத்துக்கு 4 நாள் காரமடை, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர் தாண்டி பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்வருவது எல்லாக் குடும்பத்தாலும் முடியாது. நாங்கள் செல்போனில் வீடியோ கால் வழியாகச் செய்தோம். செலவு எங்களால் தாங்க முடிந்தது. கூலி வேலைக்குப் போகிற குடும்பம் என்ன செய்யும்? மேட்டுப்பாளையம் அரசு மருத்துவமனையில் ஒரு பயிற்சியாளர் உட்கார்ந்தால் சிறுமுகை, காரமடை, அன்னூர் பக்கத்து ஆட்கள் ஒரே பஸ்ஸில் வந்துவிடலாம். குன்னூர், கோத்தகிரியிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கும் வசதி. அதுவரைக்கும், வீடு தேடி வரும் இயன்முறைப் பயிற்சியாளர்களுக்குச் சில அடிப்படைகளையாவது சொல்லிக் கொடுக்கலாம்: நோயாளியை 'ஆ' என்று நீட்டச் சொல்லிக் கேட்பது, பேச்சைப் பதிவுசெய்து போட்டுக் காட்டுவது, புரையேறுகிறதா என்று விசாரிப்பது, மாற்றம் தெரிந்தால் மேலே அனுப்புவது.

எழுதி முடித்ததை இவருக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். ஆஸ்பத்திரியிலும் பேங்க்கிலும் பேர் சொல்லிக் கூப்பிடும்போது "இருக்கறனுங்" என்று இவர் சொல்வது அங்கே கேட்பதில்லை. ஆள் இல்லை என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். கையைத் தூக்குவதற்குள் முறை போய்விடுகிறது. "கூப்பிடற எடத்துல எல்லாம் நம்பர் போர்டு வெக்கோணும்னு எழுது புள்ள" என்றார். 'வெக்கோணும்' என்பதில் அழுத்தம் விழுந்தது. அப்படியே எழுதிவிட்டேன்.